சீனச் சொல்லு பாடமாக்குறதுக்கும் நம்ம மனசு இருக்குற நெலமைக்கும் தொடர்பு இருக்கா?

எல்ல_ரோட்டு_கைட்

எச்எஸ்கேங்கிற சீன மொழிச் சோதனையில மூணாவது லெவலுக்குப் படிச்சிக்கிட்டு இருக்கேன். பழைய பாடத்திட்டப்படி முதல் லெவலுக்கு 150 சொல்லு, ரெண்டாவதுக்கு 300, மூணாவதுக்கு 600. முதல் ரெண்டுலயும் சோதனைத்தாள்ல எழுத்தோட சேர்த்து பின்யினும் (உச்சரிப்ப இங்கிலீசு எழுத்துல காட்டுறது) போட்டிருப்பாங்க, வாசிச்சி எப்படியாச்சும் சமாளிக்கலாம். மூணாவதுல பின்யின் இல்ல, வெறும் எழுத்து மட்டுந்தான். அங்க வந்ததுக்கு அப்புறந்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்திச்சி.

என்னன்னா சில சொல்லு ஒரே தரத்துல ஏறிருது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஆக்கள கூட்டிட்டுப் போனப்ப ரயில் ஹோர்ன் கேட்டிச்சி, ஒரு சீன அம்மா அவங்க புள்ள தண்டவாளத்துக்குக் கிட்ட நிக்கிறதப் பார்த்துட்டு "சியாவ்சின்!"னு கத்துனாங்க, கவனம்னு சொல்லுறாங்கன்னு யாரும் சொல்லித்தராமலே விளங்கிருச்சி, இன்னைக்கு வரைக்கும் மறக்கல. ஆனா அதே லிஸ்ட்ல இருக்குற சீகுவான் (பழக்கம்), ஹுவான்ஜிங் (சூழல்), இங்சியாங் (பாதிப்பு) இதெல்லாம் கொப்பி கொப்பியா எழுதியும் ரெண்டு நாள்ல காணாமப் போகுது.

அடுத்தது, கிளாஸ்ல சேர் எழுப்பிக் கேட்டாருன்னா மண்டையில ஒண்ணுமே இருக்காது. கிளாஸ் முடிஞ்சி பண்டாரவளை ஸ்டாண்ட்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எல்லாச் சொல்லும் வரிசையா வருது.

மூணாவது, வீட்டுல பிரச்சினை இருக்குற நாள். அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கப் போக முடியாம சுகமில்லாம இருந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தத் தொறந்து வச்சிக்கிட்டு இருந்தேன், ஒரு சொல்லும் ஏறல. இப்படியான நாள்ல வற்புறுத்திப் படிக்கிறதா, இல்ல மூடி வச்சிட்டுத் தூங்குறதா? களனிக்கோ கொழும்புக்கோ போய்த் தங்கிப் படிக்க வசதி இல்லாத ஆளு நான், இருக்குற நேரத்த சரியாப் பாவிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்_மனசும்_மூளையும்

தம்பி, நான் சைக்கொலஜி படிச்சவ, சீனம் தெரியாது. ஆனா நீங்க கேட்ட மூணும் மூணு வேற வேற விசயம், அத ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டாத்தான் வழி தெரியாமப் போகும், அதனால பிரிச்சே சொல்லுறேன், கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல பாலத்துல நடந்தது. பயமோ சந்தோசமோ ஆச்சரியமோ வந்து ஒடம்பு சூடானா நோர்அட்ரினலின்னு ஒரு சாமான் சொரக்குது, மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி வேல செய்யத் தொடங்கி, பக்கத்துல இருக்குற, நெனைவப் பதிஞ்சி வைக்கிற ஹிப்போகம்பஸ்கிட்ட "இத வச்சிக்க"ன்னு சொல்லுற மாதிரி நெனைவ உறுதியாக்குது. ஜேம்ஸ் மெக்கோன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி இதையே பல வருசம் ஆராய்ஞ்சாரு. 1994 ல அவரும் லாரி கேஹில்னு ஒருத்தரும் சேர்ந்து ஆக்களுக்கு ஒரு கதைய படத்தோட காட்டுனாங்க, அதுல நடுவுல ஒரு பையனுக்கு விபத்து நடக்கும். சாதாரணமா எல்லாருக்கும் அந்தப் பகுதிதான் கூடுதலா நெனைவுல நிக்கும். ஆனா அட்ரினலின் வேலையத் தடுக்குற ப்ரொப்ரனலோல் மாத்திரை குடுத்த ஆக்களுக்கு அந்தக் கூடுதல் கெடைக்கல, சாதாரணப் பகுதி மட்டும் எப்பவும் போல நெனைவு இருந்திச்சி. அதனால உணர்ச்சி நெனைவக் கூட்டுதுங்கிறது உண்மை.

ஆனா இங்கதான் கவனிக்கணும். உணர்ச்சி எதுமேல விழுதோ அத மட்டுந்தான் தூக்கும், பக்கத்துல இருக்குறதக் கீழ தள்ளிரும். 1959 லயே ஈஸ்டர்புரூக்னு ஒருத்தர் சொன்னாரு, பதட்டம் கூடக் கூட நம்ம கவனம் விரியுற எடம் சுருங்கிக்கிட்டே போகும்னு. பாலத்துல அந்த அம்மாவோட பயம் அந்தச் சொல்லுமேலயே இருந்திச்சி, சொல்லும் பயமும் ஒண்ணு, அதனால சொல்லு ஒட்டிக்கிச்சி. அம்மா சுகமில்லாம இருந்த வாரம் ஒங்க உணர்ச்சி முழுக்க அம்மாமேல, சீகுவான் பாவம் ஓரத்துல நிக்கிது. உணர்ச்சி அன்னைக்கும் நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு, அந்த வாரத்துல அம்மாவுக்கு என்ன மருந்து எத்தன மணிக்குக் குடுத்தீங்கன்னு கேட்டா இப்பவும் சொல்லுவீங்க.

ரெண்டாவது, கிளாஸ்ல மறந்து போறது. இதுக்கு ஒரு அருமையான ஆராய்ச்சி இருக்கு, 2000 ல டி குவெர்வெய்னும் அவரோட ஆக்களும் செஞ்சது. ஆக்களுக்கு ஒரு சொல்லு லிஸ்ட்டப் பாடமாக்கக் குடுத்து அடுத்த நாள் கேட்டாங்க. சில பேருக்குப் பாடமாக்குறதுக்கு முந்தி கோர்ட்டிசோன் மாத்திரை, சில பேருக்குப் பாடமாக்கி முடிஞ்ச ஒடனே, சில பேருக்கு அடுத்த நாள் கேள்வி கேக்குறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. மாத்திரைக்குள்ள இருக்குறது ஒடம்புக்குள்ள போய் கோர்ட்டிசோல் ஆயிரும், அதாவது நம்ம பதட்டப்படுறப்ப சொரக்குற அதே சாமான். முதல் ரெண்டு கூட்டத்துக்கும் ஒண்ணும் ஆகல. மூணாவது கூட்டத்துக்கு மட்டும் சொல்லு கொறைஞ்சி போச்சி. பாருங்க, பாடமாக்குனது பத்திரமா இருக்கு, எடுக்குற வழிதான் அடைபடுது. நானுஓயா ரோட்டுல மிஸ்ட் எறங்குனா ரோடு எங்கயும் போறதில்ல, கண்ணுக்குத் தெரியாமப் போகுது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட்ல ஒங்களுக்கு வாறது அதே சொல்லுதான்.

அதனால "எனக்கு ஞாபக சக்தி இல்ல"ன்னு நீங்க முடிவு கட்டக் கூடாது. எனக்கு இது முக்கியமாப் படுது, ஏன்னா நம்ம பக்கத்துப் புள்ளைங்க கன பேரு இந்த ஒரு எடத்துல நின்னு போயிருறாங்க.

மூணாவதுக்கு அப்புறம் வாறேன், டியூட்டிக்கு நேரமாச்சி.

தலவாக்கலை_தோபாஷி

அக்கா சொன்னதுல எனக்கு ஒரு விசயம் சேர்க்கணும். நான் தெக்கால ஒரு சீனக் கட்டுமான சைட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்தேன். சைட்ல எல்லாச் சொல்லும் கத்திக்கிட்டுத்தான் வரும், "குவாய்! குவாய்!"னா சீக்கிரம் சீக்கிரம், கிரேன் சத்தம் வேற. அப்படிக் கேட்ட சொல்லெல்லாம் அர்த்தம் ஒடனே ஏறிரும் தம்பி, ஆனா தொனி ஏறாது. ஏன்னா கத்துறப்பவும் பயப்படுறப்பவும் குரலு மேல போகுது கீழ போகுது, நம்மளும் பயத்துல கேக்குறோம், மேடு பள்ளம் காதுல தெளிவா விழாது. தமிழ்ல "வா"ங்கிறத கோவமாச் சொன்னாலும் கெஞ்சிச் சொன்னாலும் கேள்வியாக் கேட்டாலும் அது வா தான். சீனத்துல அப்படி இல்ல, ஏத்த எறக்கம் மாறுனா சொல்லே மாறிரும், மாய்னு கீழ போய் மேல வந்தா வாங்குறது, மேல இருந்து வெட்டுன மாதிரி விழுந்தா விக்கிறது. டீ பெக்டரிக்கு ஆக்களக் கூட்டிட்டுப் போற ஒங்களுக்கு இது ரெண்டும் கொழம்புனா யாபாரமே தலைகீழாயிரும்.

ஒங்ககிட்ட ஒரு கேள்வி. அந்த "சியாவ்சின்"னுல முதல் அசைக்கு எத்தனையாவது தொனி, ரெண்டாவதுக்கு எத்தனையாவது? எழுத்தப் பார்க்காம எழுதுவீங்களா? யோசிச்சிச் சொல்லுங்க, இது ஒங்களக் கொறைக்கக் கேக்கல, உணர்ச்சி எதக் குடுக்குது எதக் குடுக்கலன்னு கண்ணால பார்க்கத்தான்.

சீனம் ஏன் இவ்வளவு வழுக்குதுன்னா, நம்ம சிங்களம் படிச்சப்ப நகரம் நகரய, காரணம் காரணயன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி இருந்திச்சி. இங்கிலீசுல பாதி நம்ம வாயில ஏற்கனவே இருக்கு. சீனத்துல ஒரு பிடியும் இல்ல, அதுக்கு மேல தொனிய விட்டுட்டு எண்ணுனா மொத்தமே 400 அசை மாதிரித்தான் இருக்கு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரிக் கேக்கும். அதனால நமக்கு மத்த மொழிய விட சீனத்துக்குத்தான் உணர்ச்சி கூடத் தேவைப்படுது, பிடிக்க வேற ஒண்ணும் இல்லாததால.

ஆனா கத்துற உணர்ச்சி மட்டும் உணர்ச்சி இல்ல. சைட்ல சமைக்கிற சீன ஐயா ஒருத்தர் இருந்தாரு, வேல முடிஞ்சி சேறும் சகதியுமா வாறப்ப ஒவ்வொருத்தருக்கும் சோறு போட்டுக்கிட்டே "சின்கூ ல"ன்னு சொல்லுவாரு. கஷ்டப்பட்டு வேல செஞ்சிட்டு வந்திருக்கீங்கன்னு ஏத்துக்கிட்டுச் சொல்லுறது. எங்க அப்பா அம்மா ஆயுசு முழுக்க மலையில ஏறி எறங்குனாங்க, பெரட்டுல (காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல) பேரு கூப்புட்டதத் தவிர யாரும் இப்படி ஒரு வார்த்த சொல்லிக் கேட்டதில்ல. அந்த ஐயா அமைதியா, நிறுத்தி, தெனமும் ஒரே மாதிரிச் சொன்னதால அர்த்தமும் ஏறிச்சி தொனியும் ஏறிச்சி, முதல் அசை மேல நேரா நிக்கிறதும் ரெண்டாவது கீழ போறதும் இப்பவும் காதுல இருக்கு. சூடான உணர்ச்சி அர்த்தத்தக் குடுக்கும், ஆறுதலான உணர்ச்சிதான் தொனியக் குடுக்கும், இது என்னோட அனுபவம், ஆராய்ச்சி இல்ல.

எல்ல_ரோட்டு_கைட்

அண்ணே இப்பப் பார்த்தேன். முதல் எழுத்து சின்னதுன்னு எழுதத் தெரியும், ரெண்டாவது இதயம், அதுவும் தெரியும். தொனிதான், வாயில வாறது அந்த அம்மா கத்துன மாதிரியே வருது, ரெண்டும் மேல ஏறி. புத்தகத்துல மூணாவதும் முதலாவதும்னு போட்டிருக்கு. நீங்க சொன்னது அப்படியே சரி.

அக்கா, கிளாஸ்ல வழி அடைபடுறதுக்கு என்ன செய்யலாம்?

கொட்டகலை_டீச்சர்

குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். நான் தோட்டப் பாடசாலையில ரெண்டாம் மொழி படிப்பிக்கிறேன். கிளாஸ்ல வாறது பயம்னு எல்லாரும் சொல்லுறோம், நான் பார்த்த வரைக்கும் அது வெக்கம். வீட்டுல சிங்களப் படம் பார்த்து வசனம் வசனமாச் சொல்லுற புள்ள கிளாஸ்ல எழுந்து நின்னா ஊமையாயிருது, ஏன்னா பின்னால ஒருத்தன் சிரிப்பான்னு தெரியும்.

இத 1986 ல ஹோர்விட்ஸ்னு ஒரு அம்மையாரும் கூட ரெண்டு பேரும் தனியா அளந்து பார்க்குறதுக்கே 33 கேள்வி வச்சி ஒரு அளவுகோல் செஞ்சாங்க, வெளிநாட்டு மொழிக் கிளாஸ்ல வாற பதட்டம் மத்தப் பதட்டம் மாதிரி இல்ல, அது தனி இனம்னு. கணக்குல பிழை விட்டா கணக்குத்தான் பிழை, ஆனா மொழியில பிழை விட்டா பேசுற ஆளே சின்னப் புள்ளையாத் தெரியுறாரு, வளந்த மனுசனுக்கு அது பொறுக்காது. ஸ்டீபன் க்ராஷன்னு ஒரு மொழி ஆராய்ச்சிக்காரர் 1982 ல எழுதுனதும் கிட்டத்தட்ட இந்தப் பக்கந்தான், மனசு மூடிக்கிச்சின்னா காதுல விழுறது உள்ள போகாதுன்னு. அவரு சொன்ன எல்லாத்தையும் ஆராய்ச்சிக்காரங்க ஏத்துக்கல, ஆனா வகுப்புல நிக்கிற எங்களுக்கு அதுல உண்மை இருக்குறது தெரியும்.

ஒங்க சேர்கிட்ட தனியாப் போய்ப் பேசுங்க தம்பி. எழுப்பிக் கேக்குறதுக்குப் பதிலா ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர ஒருத்தர் கேக்க விடச் சொல்லுங்க. நல்ல ஆசிரியர் கேப்பாரு. அப்படி மாத்துனதும் என் வகுப்புல வாயே தொறக்காத புள்ளைங்க பேசுனத நான் பார்த்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு தைரியமாச் சொல்லுறேன்.

ஹட்டன்_மனசும்_மூளையும்

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் சொல்ல வந்த மருந்து இன்னொண்ணு, ரெண்டையும் சேர்த்தே செய்யலாம்.

2016 ல ஆமி ஸ்மித்தும் கூட ரெண்டு பேரும் செஞ்ச ஆராய்ச்சி. ஒரு கூட்டம் சொல்லத் திரும்பத் திரும்ப வாசிச்சிப் படிச்சாங்க, இன்னொரு கூட்டம் மூடி வச்சிட்டு நெனைவுல இருந்து எடுத்து எடுத்து எழுதிப் படிச்சாங்க. அடுத்த நாள் ரெண்டு கூட்டத்துலயும் சில பேர ஆக்களுக்கு முன்னால பேச வச்சி நல்லாப் பதட்டப்படுத்திட்டுக் கேட்டாங்க. வாசிச்சிப் படிச்சவங்களுக்கு பதட்டத்துல சொல்லு கொறைஞ்சிச்சி, எடுத்துப் படிச்சவங்களுக்குக் கொறையல. தம்பி, நீங்க கொப்பி கொப்பியா எழுதுனேன்னு சொன்னீங்க, பார்த்து எழுதுறது வாசிக்கிற மாதிரித்தான். பொத்தி வச்சிட்டு எழுதுங்க, அர்த்தத்தப் பார்த்துச் சொல்லத் தேடுங்க. அங்கின்னு (Anki) சொல்லு பாடமாக்குற ஒரு போன் எப் இருக்கு, அது மாதிரி ஒண்ணு இருந்தா அதுவே மறக்கப் போற நேரமாப் பார்த்துக் கேக்கும், போன்ல சும்மாவே கெடைக்கிது, ஐபோனுக்கு மட்டுந்தான் காசு.

இப்ப அந்த மூணாவது விசயம், வீட்டுல மனசு சரியில்லாத நாள். வற்புறுத்தவும் வேணாம் மூடவும் வேணாம். புதுச் சொல்லு எடுக்காதீங்க, அது ஏறாது, ஏறாததுனால இன்னும் மனசு ஒடையும். ஏற்கனவே தெரிஞ்ச சொல்ல மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துப் பாருங்க, எப்பிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர் 1885 ல தன்ன வச்சே அளந்து காட்டுனாரு, பாடமாக்குனதுல பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளயே போகுதுன்னு, அதனால ஒரு நாள் முழுக்க விட்டா நேத்து உழைச்சதுல பெரும்பகுதி நழுவிரும். அப்புறம் தூங்குங்க, தூக்கத்துலதான் நெனைவு கெட்டியாகுது, தூங்காம முழிச்சிப் படிக்கிறது அந்த வாரத்துல ரெட்டை நட்டம்.

சோகமாப் படிச்சா சோகமா இருக்குறப்பத்தான் நெனைவு வரும்னு ஒரு பேச்சு இருக்கு, கோர்டன் பவர் 1981 ல அப்படி எழுதுனாரு, ஆனா பின்னால செஞ்சி பார்த்தவங்களுக்கு அது ஒரு தரம் வந்தா ஒரு தரம் வரல. அத நம்பிப் பயப்பட வேணாம்.

ஆனா இது நல்லாப் பிடிச்சிக்கங்க: சொல்லு படிச்சி முடிச்ச பொறவு வாற உணர்ச்சியும் உதவும். 2005 ல நீல்சன்னு ஒரு அம்மையாரோட ஆக்கள், சொல்லு லிஸ்ட் குடுத்துட்டு அதுக்குப் பொறவு பல்லுப் புடுங்குற வீடியோ ஒண்ணக் காட்டுனாங்க, சொல்லுக்கும் அதுக்கும் எந்தத் தொடர்பும் இல்ல. அந்த வீடியோவப் பார்த்தவங்களுக்கு அடுத்த நாள் மத்தவங்கள விடக் கூடுதலாச் சொல்லு நெனைவு இருந்திச்சி. ஒங்களுக்குப் பல்லு வீடியோ வேணாம், படிச்சி முடிச்சி ஒடனே கிரிக்கெட் வெளாடப் போங்க, இல்ல நெஞ்சு படபடக்க மேட்டுல ஏறுங்க, நம்ம ஊர்ல மேட்டுக்கா பஞ்சம்.

தலவாக்கலை_தோபாஷி

சீகுவான், ஹுவான்ஜிங், இங்சியாங் மாதிரிச் சொல்லுக்கு ஒரு வழி சொல்லுறேன். இதெல்லாம் உருவம் இல்லாத சொல்லு, தனியா நின்னா அதுமேல ஒரு உணர்ச்சியும் வராது. ஒங்களுக்கு உண்மையாவே வலிக்கிற, இல்ல சந்தோசமான ஒரு வசனத்துக்குள்ள போடுங்க. அம்மாவோட சுகவீனம் என் படிப்பப் பாதிச்சிச்சின்னு எழுதுங்க, அதுக்குள்ள இங்சியாங் வருது, அத நீங்க மறக்கவே மாட்டீங்க. புத்தகத்துல இருக்குற "புகை ஒடம்பப் பாதிக்கும்"னு படிச்சா அது யாரோட வசனமோ. அதுக்கப்புறம் அந்த வசனத்த மெதுவா, கோவமும் அழுகையும் இல்லாம, தொனி தொனியாச் சொல்லி போன்ல ரெக்கோர்ட் பண்ணிக் கேளுங்க. முதல் வேல சூடானது, ரெண்டாவது வேல ஆறுனது, ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யாதீங்க.

எழுத்துக்கு இன்னொண்ணு. பயப்படுறது, அவசரப்படுறது, மறக்குறது, நெனைக்கிறது இந்த எழுத்துலயெல்லாம் இதயக் குறி ஒளிஞ்சிருக்கும், சிலதுல இடது பக்கம் நெட்டுக்க, சிலதுல அடியில. ஒங்களுக்கு சியாவ்சின்ல அந்த இதயம் ஏற்கனவே தெரியும், அங்க இருந்தே தொடங்குங்க.

பதுளை_தங்கச்சி

அண்ணே, அக்கா, நானும் இதே லெவல்தான். எங்க கிளாஸ் சிங்களத்துல நடக்குது, அர்த்தம் சிங்களத்துல எழுதித் தாறாங்க, புத்தகத்துல இங்கிலீசு. சொல்லு பாடமாக்குற கார்ட்ல அர்த்தத்த நான் எந்த மொழியில எழுதுறது? மூணுமே விளங்கும்.

ஹட்டன்_மனசும்_மூளையும்

தமிழ்ல எழுதுங்க தங்கச்சி. 2003 ல கெத்தரின் ஹரிஸும் கூட்டாளிகளும் துருக்கி மொழி பேசி வளந்து பெரியவங்களானதுக்கு அப்புறம் இங்கிலீசு படிச்ச ஆக்களுக்கு ரெண்டு மொழியிலயும் சொல்லு கேக்க வச்சி விரல்ல வேர்க்குறத அளந்தாங்க. சின்ன வயசுல அம்மா அப்பா ஏசுற மாதிரி வார்த்தைய சொந்த மொழியில கேட்டப்ப ஒடம்பு பதறிச்சி, இங்கிலீசுல கேட்டப்ப அவ்வளவு இல்ல. ஒங்க அம்மா ஒங்கள எந்த மொழியில ஏசுவாங்களோ அந்த மொழியிலதான் சூடு இருக்கு, கார்ட்லயும் அதையே வைங்க. சிங்கள அர்த்தத்த கொப்பியில வச்சிக்கங்க, சோதனைக்கு முதல் வாரம் ஒருக்காப் பார்த்தாப் போதும்.

எல்ல_ரோட்டு_கைட்

தங்கச்சி, நீங்களும் மூணாவது லெவல்னா டீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு பேராக் கேட்டுப் பழகுவமா? வாரத்துல ரெண்டு நாள் இரவு ஏழு மணிக்குப் பொறவு போன்ல, அர்த்தத்தத் தமிழ்ல சொல்லுவேன் நீங்க சீனத்துல சொல்லணும், அப்புறம் மாத்திக்குவம். அண்ணே, அந்த வசனம் ரெக்கோர்ட் பண்ணிட்டேன், இங்க போடுறேன், இங்சியாங்கோட தொனிய மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மூணாவது தொனி அசை ரெண்டு பக்கத்துல பக்கத்துல வந்தா முன்னால இருக்குற அசை ரெண்டாவது தொனியா மாறும்னு சேர் சொன்னாரு, அது சரியா விழுதான்னு தெரியணும்.

தலவாக்கலை_தோபாஷி

கேட்டேன் தம்பி. முதல் அசை சரியா மேல ஏறுது. ரெண்டாவத முழுசா கீழ எறக்கல, பாதியிலயே நிக்கிது, இன்னும் அடித்தொண்டைக்குப் போகணும். அத மட்டும் சரி பண்ணி மறுபடி போடுங்க, நாளைக்குக் கேக்குறேன்.